உருப்படி எண்

இடவப்பாதி இறங்கிய நாலாம் நாள்
குலசேகரத்தில் உப்பு ஜாடிக்குள் வெள்ளம் ஊறிவிட்டது.
தீக்குச்சியை உரசினால் மருந்துதான் உதிர்கிறது.
இந்த ஊரில் ஒரு காகிதத்தைக்
காகிதமாகவே வைத்திருப்பது லேசில்லை.

மார்கிட் சிஸ்டர் விட்டுப்போனவை
ஒரு பிஸ்கட் டின் நிறையக் கடிதங்கள்,
எக்ஸ்ரே உறைக்குள் ஏழு போட்டோ.
வசம்பு வைத்தேன்.
மார்த்தாண்டத்துச் செருப்புக்கடையில் கெஞ்சி
சிலிக்கா பொட்டலங்கள் வாங்கி வைத்தேன்.
அப்படியும் இராமபாணம் வந்துவிட்டது.
ஒரு தேதியில் நுழைந்து
நாலு பக்கம் கடந்து
இலோனா என்ற பெயரின் நடுவே வெளியேறியிருக்கிறது.
எனக்கு அந்த மொழி தெரியாது.
பூச்சிக்கும் தெரியாது.
தெரிந்திருந்தால் அந்த எழுத்தை விட்டிருக்குமா என்று
ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன், கிறுக்கு மாதிரி.

எல்லாமே தங்கைக்கு எழுதியவை.
எல்லாமே திரும்பி வந்தவை.
முத்திரை குத்தி வரும் உறையைச்
சாயா ஆறும்வரை மேசையில் வைத்திருந்து
பிறகு தானே பிரிப்பார்,
தனக்கு யாரோ எழுதியதுபோல் பையப் படிப்பார்.

இப்போது கடல் தாண்டி ஒரு காப்பகம்
அச்சடித்த தாள் அனுப்பியிருக்கிறது:
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடுக,
பின்புறம், மென்மையான பென்சிலால்.

பென்சிலைச் சீவி வைத்து மூன்று நாளாகிறது.

ஓ.பி. வராந்தாவில் ரசலையன்
'நாப்பத்தேழு!' என்று கூவுவார்.
எக்ஸ்ரே அறைக்குள்ளிருந்து கேட்கும்: 'பேரு?'
மறுபடி நாப்பத்தேழு. மறுபடி பேரு?
நாற்பத்தேழு அங்கேயே உட்கார்ந்திருக்கும்,
அண்டியாபீஸில் விரல் கறுத்த லில்லிபாய் எழுந்து போவாள்.
மனிதர்களின் எலும்பைப் பார்த்தவர்
மீன மாத வெக்கையிலும்
முழுக்கைச் சட்டையை மடித்ததில்லை.

இருட்டறைப் பையனாக இருந்தேன்.
ஒருநாள் டெவலப்பர் கொட்டி
அவர் கையை உதறியபோது கண்டேன்.
சிவப்பு விளக்கில் அது கறுப்பாக இருந்தது.
ஐந்து இலக்கமா, ஆறா,
ஓர்மையில்லை.
ஓர்மை வைக்கக்கூடாதென்று அப்போதே முகத்தைத் திருப்பினேன்.
படங்களைக் கழுவினோம். கிளிப் மாட்டித் தொங்கவிட்டோம்.
யாருடையவோ விலா எலும்புகள் சொட்டிக்கொண்டிருந்தன.

இன்று எழுதிவிட்டேன், பின்புறம், பென்சிலால்:

பனியில் நிற்கும் பெண், முன்பல் தெரிகிறது.
நாய். கழுத்தில் யாரோ வைத்த கை.
இரண்டு பேர், ஒரே குடை, ஒருவர் மட்டும் சிரிக்கிறார்.
இலோனாவுக்கு, மழையைப் பற்றியதாக இருக்கலாம்,
ஊரின் பெயர் மூன்று முறை வருகிறது.
இலோனாவுக்கு, பூச்சி தின்றது.
இலோனாவுக்கு.

விதிப்படி இல்லையென்று
அவர்கள் பெட்டியைத் திருப்பி அனுப்பலாம்.
அனுப்பட்டும்.
சாயா ஆறும்வரை மேசையில் வைத்திருப்பேன்.