டாலரன்ஸ்

ஷாப்டுக்கு ரெண்டு பாயிண்ட் விடலாம்,
மேல போனா பேரிங் ஏறாது என்பார்.
ஆவாரம்பாளையம் சந்தில் முப்பத்தோரு வருசம்
அவர் கடைந்தவை
பல்லடத்திலும் காங்கயத்திலும்
ஆயிரம் அடி ஆழத்தில் இன்னும் சுற்றுகின்றன.

சர்க்கரை முந்நூறு என்று சீட்டு வந்த அன்று
"மிசின் ஓடுதல்ல, அப்பறம் என்ன?"
பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டார்.
ஓடியது.
சத்தமே இல்லாமல் ஓடியதுதான் தப்பு.

வெர்னியர் கோடுகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன.
லைட்டைக் குறை சொன்னார், ட்யூப்லைட் மாற்றினோம்.
விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறதென்று
கண்ணாஸ்பத்திரியில்
எழுநூறு புள்ளி லேசரில் சுட்டார்கள்.
வெளியே வந்ததும் கேட்டார்:
"எழுநூறும் ஒரே ஆழமாப் போட்டிருப்பானா?"

ஒரு நாள் பொழுதோட
வாசலிலிருந்து அடுப்படி வரை
தரையில் சிவப்புச் சிவப்பாய்த் தடம்.
நான் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தார்.
குதிகாலில் நீலம் பாரித்த இரும்புச் சுருள்,
விரல் நீளம்.
அதன்மேல் நின்றபடி
நாற்பது பீஸ் முடித்திருக்கிறார்.
"வலிக்கலையே சரசு" என்றார்.
அது பெருமையா பயமா
எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இசிஜி எடுத்த பையன்
"அட்டாக் எப்பங்க வந்துச்சு?" என்றான்.
நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.
ஒறம்பரை வந்து
உட்கார்ந்து
போயும் போயிருக்கிறது.
காப்பித் தண்ணிகூட வைக்கவில்லை நாங்கள்.

எங்களுக்குள் நின்றுபோன ஒன்றும் உண்டு.
டாக்டர் அதைக் கேட்டபோது
சுவரிலிருந்த சிறுநீரகப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
நான்தான் "எட்டு வருசமாச்சுங்க" என்றேன்.

அந்தப் படத்துக்கும் முறை வந்தது.
கிரியேட்டினின் ஆறு புள்ளி ரெண்டு.
செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.
கையில் ஊசி ஏறுவதைப் பார்க்க மாட்டார்,
மிசினைத்தான் பார்ப்பார்.
"ரோலர் பம்பு. நம்மூரு சரக்கில்ல.
ஆனா சவுண்டு சுத்தம்."

நாளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான்.
அத்தனை காட்டுக்குத் தண்ணி ஏற்றியவருக்கு
அரை டம்ளர் அரை டம்ளராக
நான் அளந்து வைக்கிறேன்.
ஒரு மடக்கு கூடக் கேட்டால்
முறைக்கிறேன்.
அப்புறம் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு
சித்த நேரம் நிற்கிறேன்.

ராத்திரி ஒன்பதுக்கு டார்ச்சோடு உட்காருவேன்.
பினிஷிங் பார்க்க அவர் நகத்தை ஓட்டுவாரே,
அப்படித்தான்
உள்ளங்காலில் என் நகம்.
குதிகால், விரலிடுக்கு,
இரண்டாம் விரல் இருந்த இடம்.

கண்ணை மூடியபடியே கேட்கிறார்:
"ஆரம்பிச்சுட்டியா?"