ரசமட்டம்

கல்லடியில் எங்கள் ஒழுங்கையில்
பதினேழு முற்றங்களுக்குக் கல் பதித்தவன் நான்.
பதினெட்டாவது என்னுடையது.
சிவப்பு, சாம்பல், மஞ்சள், மூன்று நிறத்திலும் போட்டிருந்தேன்,
வருகிறவர்கள் செருப்போடு நடந்து பார்த்து
இதுதான் வேணும் என்று கையைக் காட்ட.

அதிலேதான் இரண்டு பாகம் அகலத்துக்குக்
கிளப்பித் தாங்க என்றாள் சோபனா.
இரண்டு பாகமா?
சரி, ஒரு பாகமும் ஒரு முழமும்.
விலை பேசிப் பழகிய வாய் எனக்கு.
அன்று தோற்றது.

ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.
கடையில் வாங்கின வெண்டிக்காயை
நுனி முறித்துப் பார்த்தாள்.
முறியாமல் வளைந்ததை
என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.
அவ்வளவுதான்.

அலவாங்கு மேர்வின் செலரிடம் இரவல்.
'போட்ட கையாலேயே கிளப்புறியா மனே?'
மதிலுக்கு அப்பால் நின்று சிரித்தார்.
முதல் கல் வர அரைமணித்தியாலம்.
என் வேலை அவ்வளவு உறுதி என்பதில்
கொஞ்சம் பெருமை, கொஞ்சம் எரிச்சல்.
மறுகா லேசு.
ஒன்று போனால் பக்கத்தில் உள்ளது
பிடிமானம் விடும்.

கல்லின் கீழ் சல்லித்தூள்.
தூளின் கீழ் கடல்மணல்,
அள்ளினால் கையில் நில்லாத வெள்ளை.
இதிலா?
இதில்தான்.

வவுணதீவிலிருந்து ஒரு லாண்ட்மாஸ்டர் மாட்டெரு,
மில்லில் இருந்து நாலு சாக்கு உமிக்கரி,
செம்மண்ணுக்கு விலை கேட்டு, கேட்டபின்
அரை லோட்.
மீன் கழுவிய தண்ணி, முட்டைக்கோது, முருங்கைக் காம்பு,
குசினியே முற்றத்துக்கு இறங்கி வந்தது.
பாத்தி கட்டி முடித்ததும், கைப்பழக்கத்தில்,
ரசமட்டத்தை அதன் மேல் வைத்தேன்.
குமிழ் ஒரு பக்கம் ஓடி ஒளிந்தது.
'எடுங்க அதை' என்றாள்,
'தண்ணி நிக்கிறதுக்குப் பள்ளம் வேணும்.'

தக்காளி பிழைக்கவில்லை.
கச்சான் தொடங்கின கிழமையே
இலையெல்லாம் சுருண்டு காகிதம்.
ஆடியில் எங்கள் கிணற்றுத் தண்ணி
வாயில் வைக்க ஏலா.
குழாயைத் திறந்தால் மீற்றர் ஓடுகிறது.
பயித்தங்கொடியை ஓர் இரவில்
கேற்றுக்கு மேலால் கழுத்தை நீட்டித்
தின்றுவிட்டுப் போனது
ஊர் சுற்றுகிற வெள்ளைப் பசு.
விடிய, கேற்றடியில் சாணம்.
சோபனா அதை அள்ளிப் பாத்தியில் போட்டுக்
கணக்குச் சரி என்றாள்.

கத்தரி நின்றது.
வெண்டியும் நின்றது,
வேலைக்கு வந்த முதல்நாள் பொடியன் மாதிரி
என்ன செய்வதென்று தெரியாமல்
கையை விரித்துக்கொண்டு.
நடுவில் சீனியாஸ். அது என் காசு.
பக்கெற்றில் இருந்த படத்தைப் பார்த்து வாங்கினது,
ஒருவருக்கும் சொல்லவில்லை.
முதல் பூ கடும் மஞ்சள்.
அடுத்த நாள் வந்த ஆள்
என் மஞ்சள் கல்லைப் பார்த்து
இது வெயிலுக்கு வெளிறினதா என்று கேட்டார்.

சனிக்கிழமை அரசடியில் வேலை.
டொக்டர் வீடு,
ஒரு சாண் மண்ணும் தெரியக்கூடாதாம்.
நூல் பிடித்து வரும்போது குறுக்கே
ஒரு பட்டிப்பூக் கன்று, நாலு இலை.
'ஒரு முழம் விடலாமே ஐயா.'
'விட்டா எறும்பு வரும்.'
மூவாயிரம் கல்லுக்கு முற்பணம் வாங்கினவன்
அதற்கு மேல் கதைக்க ஏலா.

சீமெந்துப் பையில் ஒரு துண்டு கிழித்து
வேரோடு சுற்றி
சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
அந்த இடத்தில் கல் வைத்தேன்.
ரப்பர்ச் சுத்தியலால் இரண்டு தட்டு.
குமிழ் நடுவுக்கு வந்து நின்றது,
அசையவே இல்லை.

பின்னேரம் பாலத்தில் காற்று கூட.
கன்றைச் சேட்டுப் பைக்குள் இறக்கிவிட்டு
சைக்கிளை மெதுவாய் மிதித்தேன்.
நெஞ்சில் ஈரம் பட்டு
ஒரு ரூபாய்க் குற்றியளவு செம்மண் கறை.
சோபனா தோய்க்கும்போது
ஏசுவாள்.