தெத்துப்பல் கணக்கு

டாக்டர் குமேடே என் வாயை எடுத்து மேசைமேல் வைத்தார்.
சுண்ணாம்பு வெள்ளையில் மேல்தாடை, கீழ்தாடை,
பின்னால் ஒரு பித்தளைக் கீல்.
நாற்பத்தாறு வருஷம்
கைவைத்து மூடிய இடம்
இவ்வளவு சின்னதா?
பேப்பர் பறக்காமல் வைக்கிற கல் அளவுதான்.

வலது பக்கத் தெத்துப்பல்
வரிசையை விட்டு முன்னே வந்து
கவுண்டரை எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி நிற்கிறது.
அதிர்ஷ்டப் பல் என்பார்கள் கல்யாண வீடுகளில்.
எந்த வருஷத்திலிருந்து என்று
ஒருத்தரும் சொன்னதில்லை.

மூன்று வழி என்றார்.
உலோகக் கம்பி, முப்பத்துநாலாயிரம் ராண்ட்.
பல்நிறப் பீங்கான், நாற்பத்தோராயிரம்.
கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறை, ஐம்பத்தெட்டாயிரம்.
பதினெட்டு வயது தாண்டியதால்
மெடிக்கல் எய்டு ஒரு சதமும் தராது.
பதினெட்டில் எனக்குப் பல் இருந்தது,
மெடிக்கல் எய்டு இல்லை.

உறையைக் கழற்றலாம், மாட்டலாம்.
ஆனால் நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் வாயில் கிடக்க வேண்டும்.
மீதி இரண்டில்
சாப்பிடு, டீ குடி, பல் தேய்,
நாத்தனாரோடு போனில் சண்டையும் போட்டு முடி.

டொங்காட் சுங்கச்சாவடி, மூன்றாம் ஜன்னல்.
ஒரு கையில் சில்லறை,
மறு கை உதட்டருகே.
சிரிக்க வைக்கிற டிரைவர் வந்துவிட்டால்
பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.
ஒற்றைக் கையால் எண்ணுகிறவள்
மெதுவாகத்தானே எண்ணுவாள்.

நான்காம் ஜன்னல் ஸானெலே சொன்னாள்:
"கம்பியே போடு.
எங்கள் தெருவில் கம்பி போட்ட வாய் என்றால்
சம்பளம் வருகிற வாய்.
காசையும் கொட்டிவிட்டு எதற்கு ஒளிக்கிறாய்?"

தவனேசன் சொன்னார்:
"இந்த வயசில் கம்பியா?
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி."
தைப்பூசம் தவறாமல்
கன்னத்துக்குக் கன்னம் வெள்ளி வேல் குத்தி
காவடியோடு தார்ச்சாலையில் வெறுங்காலில் நடக்கிறவர்.
அவர் வாயில் உலோகம் வேண்டுதல்,
என் வாயில் வேடிக்கை.
சொல்லவில்லை.
பீன்ஸ் கறி அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டிருந்தேன்.

பீங்கானை ஒரு முழுநாள் யோசித்தேன்.
அதைச் சுற்றிய ரப்பரில் மஞ்சள் ஏறுமாம்.
எங்கள் வீட்டில் மஞ்சள் ஏறாதது எது?
மரக்கரண்டி, விரல்நகம், சுவர்க் காலண்டரில் ஏப்ரல்.

இரவில் ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
தெரியாமல் இருப்பதற்கு மட்டும்
இருபத்துநாலாயிரம் கூடுதல்.
காருக்குப் பதினைந்து ராண்ட் என்றால்
என் ஜன்னலில் கட்டை
ஆயிரத்து அறுநூறு முறை உயர வேண்டும்.
அதோடு, என்னை எனக்குத் தெரியும்.
மூக்குக்கண்ணாடியைக் கேன்டீன் தட்டோடு
மூன்று முறை கழுவப் போட்டவள்.
டிஷ்யூவில் சுற்றி வைத்த உறை
முதல் வாரமே குப்பைக்குப் போகும்.
கழற்ற முடியாததுதான் எனக்குச் சரி.
ஒட்டிவிடுங்கள் என்றேன்.

உதட்டை இருபுறமும் இழுத்துப் பிடித்து,
பசை தடவி, நீல விளக்குக் காட்டி,
கடைசியில் உதவிக்காரப் பெண் ஒரு வளையத்தை நீட்டினாள்.
சின்னச் சின்ன ரப்பர்கள், முப்பது நிறம்.
"எது வேண்டும்?"
வலிக்குத் தயாராக வந்திருந்தேன்,
தவணைக்குத் தயாராக வந்திருந்தேன்.
நிறத்துக்கு இல்லை.
வாய் திறந்தபடியே விரலால் காட்டினேன்,
கட்டை உயரும்போது எரியுமே,
அந்தப் பச்சை.

இரண்டு நாள் கஞ்சி.
திங்கட்கிழமை, ஒரு கரும்பு லாரி.
டிரைவர் தன் டயரைப் பற்றி ஸூலுவில் என்னமோ சொன்னான்,
சிரித்துவிட்டேன்.
உதட்டின் உள்பக்கம் கம்பியில் மாட்டிக் கிழிந்தது.
இன்னும் இருபத்தோரு மாதம்.
கை வழக்கம்போல் வாய்க்கு எழுந்தது,
பாதியில் பார்த்தால்
அதில் அவனுக்குத் தரவேண்டிய ஐந்து ராண்ட்.
கொடுத்தேன்.