மூன்றாம் நபர்

எண் இருக்கா என்றார்.
இல்லை.
வருஷம்?
எண்பதோ எண்பத்தொன்றோ,
கிணற்றில் பாறை தட்டின வருஷம்.
பாறையைப் பதிவேட்டில் தேட முடியாதும்மா என்றார்,
சிரிக்காமல்.

வள்ளியூரில் ஆறேகால் பஸ்.
பாளையங்கோட்டை கோர்ட் வாசலில்
தட்டச்சு மிஷினுக்குக் குடை பிடித்திருந்த ஆள்
டீ வாங்கிக் கொடுத்ததும் சொன்னார்:
கம்ப்யூட்டர்ல நேத்தைய சண்டைதான் கிடக்கும்.
பழசுக்கு, எந்தக் கோர்ட்டுன்னு தெரியணும்,
வாதி பேரு தெரியணும்.
பிரதிவாதி பேரை வச்சுத் தேடுனா
ஆயுசு காணாது பாத்துக்கிடுங்க.

வாதி யாரென்று அம்மா சொன்னதே இல்லை.
கேஸ் நடந்தது என்பாள்,
மழை பெய்தது என்பது மாதிரி.
இப்போது காற்றாலைக்காரன் வந்து
மூலப்பத்திரம் கேட்கிறான், கிணற்றில் பங்கு உண்டா என்கிறான்,
பெரியப்பா மகன் இல்லை என்கிறான்.

நாங்குநேரி முன்சீப், அசல் வழக்குப் பதிவேடு.
சிவப்புத் துணி அட்டை, முதுகு பிய்ந்து
நூல் தொங்கியது.
ஆவுடைநாயகம் என்ற அந்த கிளார்க்
புரட்டலாம், படம் எடுக்கக்கூடாது என்றுவிட்டு
தன் மோர்ச்சாதத்தைத் திறந்தார்.

ஏழு பனை. மூன்றடிப் பாதை.
கைமாற்று நானூறு ரூபாய், வட்டி தனி.
ஆடு மேய்ந்த உளுந்து.
வாய்க்கால் மடையை அடைத்தது, திறந்தது, மறுபடி அடைத்தது.
ராதாபுரம் தாலுகாவே
ஒரு வரிக்கு ஒரு கோபமாய் உட்கார்ந்திருந்தது.
சிலதுக்கு நேராக 'சமாதானம்' என்று பச்சை மையில்.
அங்கெல்லாம் விரல் கொஞ்சம் நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டு.
வாதி: தவசிக்கண்.
பெரியப்பா பேர்.

நீங்க இதுல பார்ட்டியா?
இல்லை.
அப்ப மூன்றாம் நபர். எதுக்கு நகல்னு காரணம் எழுதி
உறுதிமொழிப் பத்திரம் வைக்கணும்.
எழுதினேன். ஸ்டாம்பு ஒட்டினேன்.
இனி வாரம் ரெண்டு தடவை வந்து
நோட்டீஸ் போர்டைப் பார்க்கணும்;
தாள் கேட்டுப் பட்டியல் போடுவாங்க,
கெடுவுக்குள்ள கட்டலேன்னா
மனு செத்துப்போகும்.

ஐந்து தடவை பஸ்.
ஆறாவது தடவை பட்டியலில் என் எண்,
மேலே ஒரு பல்லி.

நகல் வந்தது, முத்திரை ஈரமாக.
பிரதிவாதி ஒன்று: பிரமு,
காலஞ்சென்ற சுயம்புலிங்கம் மனைவி.
பிரதிவாதி இரண்டு: பேர் தெரியாத பெண் குழந்தை,
மைனர், வயது சுமார் எட்டு மாதம்.

திரும்ப வாசித்தேன்.
வராந்தாவில் யாரோ ஜாமீன் கிடைத்துச்
சத்தமாய் போன் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசிப் பக்கம்:
'அழைத்தும் பிரதிவாதிகள் ஆஜராகவில்லை.'
டவாலி வெளியே வந்து
மூன்று தடவை கூப்பிட்டிருப்பான்.
அம்மா பேரைக் கூப்பிட்டிருப்பான்.
அடுத்து என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பான்?
எட்டு மாதத்தில் நான் எங்கே கிடந்தேன்,
அப்பாவைத் தூக்கின கிணற்றுக்குப் பக்கத்திலா,
ஆச்சி வீட்டுத் தொட்டிலிலா,
அவன் குரல் எட்டாத தூரத்தில்
எதற்கு அழுதுகொண்டிருந்தேன்?

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆவுடைநாயகம் வாசித்தார்.
மைனருக்குக் கார்டியன் போட்ட உத்தரவு
இதுல காணலையே என்றார்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
நான் ஒண்ணும் சொல்லல. வக்கீலைப் பாருங்க.
கட்டுல அந்த மனு இருக்கா, இல்லையா,
அதுக்கு ஒரு நகல் போடுங்க முதல்ல.

மறுபடி உறுதிமொழியா?
எதுக்கு? நீங்கதான் பார்ட்டி ஆச்சே.

புது மனு. அதே ஸ்டாம்பு, அதே பசை.
'மனுதாரர் வழக்கில் யார்' என்ற கட்டத்தில்
இரண்டாம் பிரதிவாதி என்று எழுதினேன்.
பேர் என்ற கட்டத்தில்
உச்சிமாகாளி என்று,
கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போய்விட்டது.
பரவால்ல, என்றார்,
தேதி போடுங்க.