திராய்

பியூட்டனால் நாற்றம் சேலையை விட்டுப் போகாது.
புக்கிட் தீமா பேருந்தில்
என் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

நேற்று ரயில்பாதை ஓரம்
இட்ரிஸ் பறித்து வந்தவை மூன்று.
ஈரச் செய்தித்தாளில் சுருட்டி
மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
பறிப்பது மட்டும்தான் என் வேலை,
பெயர் வைப்பது உங்கள் பாடு என்பார் மலாயில்.

செண்டுடோக்கின் ஊதா இதழ்.
முள்ளுக்கீரையின் சிவந்த தண்டு.
மூன்றாவது, மிதித்துக்கொண்டு நடந்தாலும்
யாரும் குனிந்து பார்க்காத திராய்.
தண்டின் அடியில் மட்டும்
பேனா முனையைத் துடைத்தது போல்
ஒரு சிவப்பு.

கண்ணுக்கு மூன்றும் ஒரே சாயத்தொட்டியில் தோய்ந்தவை.
கண் சொன்னதைக் கேட்டுத்தான்
இதழ் எண்ணி, மகரந்தம் எண்ணி
இருநூறு வருடமாய் வீடு பிரித்துக் கொடுத்தார்கள்.
என் வேலை வேறு.
அரைத்து, அமிலம் சேர்த்த மெத்தனாலில் ஊறவைத்து
வடிதாளின் கால்மாட்டில் ஒரு பொட்டு,
காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொன்று.
ஜாடியில் தொங்கவிட்டு மூடி
விளக்கணைத்துப் போய்விடுவேன்.
ஏறுகிறவை ஏறட்டும்.

காலையில்
செண்டுடோக் பாதித் தாள் ஏறியிருந்தது.
அம்மோனியாப் புட்டியின் வாயில் காட்டினேன்,
நீலமாயிற்று.
ஆந்தோசயனின்.
முள்ளுக்கீரை வைத்த இடத்தைவிட்டு
அதிகம் எழுந்திருக்கவில்லை.
பீட்டாலெய்ன்.
காகிதப்பூவுக்கும் அந்திமந்தாரைக்கும்
சப்பாத்திக்கள்ளிக்கும்கூட
இதே சோம்பேறிச் சிவப்புதான், ஒரே வீட்டார்.
இரண்டு சாயமும் ஒரு செடியில் குடியிருந்ததாக
இதுவரை எவரும் எழுதிவைக்கவில்லை.

திராயும் அந்த வீட்டுப் பிள்ளை என்கிறது
பதிவேடு.
தாளில் பார்த்தால் அது
செண்டுடோக்கோடு சேர்ந்து ஏறி
செண்டுடோக்கோடு சேர்ந்து நீலமாகிறது.
ஜாடியைக் கழுவி மறுபடி செய்தேன்.
வேறு தாள், வேறு புட்டி,
மறுபடியும்.

டாக்டர் செங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"அப்படியானால் வெளியே அனுப்பிவிடலாம்"
என்று பென்சிலை எடுத்தார்.

எனக்குப் பன்னிரண்டு வயதில்
அடையாள அட்டை எழுதிய குமாஸ்தாவும்
இப்படித்தான் பேனாவை
அந்தரத்தில் நிறுத்திப் பிடித்திருந்தார்.
பெயர் செண்பகவல்லி.
தகப்பன் பெயர் மாடசாமி.
என் கண்களைப் பார்த்தார்,
தாளைப் பார்த்தார்,
மறுபடி என் கண்களை.
"என்ன இனம்?"
"துறைமுகம்" என்றார் அப்பா,
கேள்வி காதில் சரியாக விழாமல்.
அல்லது விழுந்து.

காப்பிக்கும் தேயிலைக்கும் ஒட்டுறவு கிடையாது,
இரண்டிலும் கஃபீன் இருக்கிறதே
என்று சொல்ல நினைத்தேன்.
சொல்லவில்லை.
திராய் விதையொன்றைக் கீறி
நுண்ணோக்கியின் கீழ் தள்ளினேன்.
மாவுப் பொதியைச் சுற்றி
தூங்கும் பூனையின் வால்போல
வளைந்து கிடந்தது கரு.
முள்ளுக்கீரை விதையையும் கீறி
அருகில் வைத்தேன்.
அதே வளைவு.

வெகுநேரம் பார்த்தார்.
நடுவில் ரயில் ஒன்று போனது,
ஜாடிகள் அதிர்ந்து அடங்கின.
அடிக்கவில்லை.
பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
அதுவும் வளைந்துதான் இருந்தது.

மீந்த திராயை
அதே செய்தித்தாளில் சுருட்டிப் பையில் போட்டேன்.
கசக்கும்.
பூண்டு தட்டிப் பருப்பில் போட்டால்
அவ்வளவாகத் தெரியாது.
பேருந்தில் இன்றும் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.
கீரையை அங்கே வைத்துக்கொண்டேன்.