நாலு சென்டிமீட்டர்

ஆய்வாளர் பையிலிருந்து எடுத்தது
கருவி ஒன்றுமில்லை,
பச்சைக் கோடு ஓடிய ஒரு கோலிக்குண்டு.
அடுக்களைத் தரையில் வைத்துக் கையை எடுத்தார்.
கொஞ்சம் தயங்கியது.
பிறகு யாரோ கூப்பிட்டதுபோல
வடக்குச் சுவரைப் பார்த்து ஓடி
அடிப்பலகை இடுக்கில் மறைந்தது.
"நாலு சென்டிமீட்டர்" என்று எழுதிக்கொண்டார்.
யெல்லெ சிரித்தான். நானும்.

ஸான்டாமில் இந்த வயதுள்ள வீடுகள்
மண்ணை நம்பி நிற்பதில்லை.
சேற்றில் இறக்கிய பைன் கழிகளின்
தலைமேல் நிற்கின்றன.
மூழ்கியே கிடக்கும்வரை மரத்துக்குச் சாவில்லை.
வறண்ட கோடையில் நீர்மட்டம் ஒரு சாண் இறங்கி
உச்சியில் காற்றுப் பட்டால் போதும்,
அழுகத் தொடங்கிவிடும்.
மூச்சு விட்டால் செத்துப்போகிற அஸ்திவாரம்.
அதன்மேல்தான்
முப்பது வருடக் கடன் கேட்டிருந்தோம்.

கையெழுத்துப் போட்ட பின்னும்
மூன்று நாள் மனம் மாறலாம் இங்கே.
காரணம்கூடச் சொல்ல வேண்டாம்.
கல்யாணத்துக்குக் கிடையாது இந்தச் சலுகை.

முதல் நாள் கணக்குப் போட்டேன்.
கழி மாற்றத் தொண்ணூறாயிரம் யூரோ.
அதுவும் தனியாக முடியாது:
எட்டு வீட்டுக்கும் ஒரே முதுகெலும்பு,
பதினான்காம் எண்காரர் ஒப்பாவிட்டால்
ஒரு கழியையும் தொட முடியாது.
இரண்டாம் நாள் யெல்லெ
என் கணக்குத் தாளின் பின்பக்கத்தில்
புத்தக அலமாரி வரைந்துகொண்டிருந்தான்.
மூன்றாம் நாள்
அவனிடம் சொல்லாமல் போய் மணியடித்தேன்.

ட்ரைன்ட்யெ காப்பி ஊற்றினாள்.
கோப்பையின் ஒரு விளிம்பை மட்டும்
தொட்டு நின்றது காப்பி.
மேசையின் இரண்டு கால்களுக்கு அடியில்
மடித்த பீர் அட்டைகள்.
"எண்பத்தொன்றில் ஒன்று வைத்தோம். இப்போது ஆறு."
மறைக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

"கட்டிலுக்கு மட்டும் எதுவும் வைக்கவில்லை.
ஹேரிட் வடக்குப் பக்கம் படுப்பார்.
சண்டை போட்டு முதுகைக் காட்டிப் படுத்தாலும்
விடிவதற்குள் அவர்மேல்தான் கிடப்பேன்.
அவர் போய் ஒன்பது வருஷம்.
இன்னும் உருள்கிறேன்.
இப்போது சுவர் பிடிக்கிறது."
சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்,
மேட்டில் ஏற்றுவதுபோல.
"அதனால்தான் விற்கிறேன்.
தரகர் வேறு ஏதாவது சொல்லியிருப்பார்."

அறுபது பக்க அறிக்கையில்
இது எந்தப் பக்கத்திலும் இல்லை.
யெல்லெயிடம் நான் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் நள்ளிரவைத் தாண்டியது.
யாரும் எதையும் ரத்து செய்யவில்லை.

சாவி தருவதற்கு முன் நோட்டரி கேட்டார்:
"பிரிய நேர்ந்தால் வீடு யாருக்கு?"
திரைச்சீலை நிறமே முடிவாகாத நேரம் அது.
"பாதிப் பாதி" என்றான் யெல்லெ.
எந்தப் பாதி என்று நான் கேட்கவில்லை.
வடக்கா, தெற்கா.

வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால்
கோபம் வரும்.
சொந்த வீட்டில்
பயம் வருகிறது.
ராத்திரி இரண்டு மணிக்கு
கூரைத் தகரத்தில் ஏதோ அசைந்ததைக் கேட்டு
யாருக்குப் போன் செய்வதென்று யோசித்து
அந்த 'யாரோ' நான்தான் என்று நினைவு வந்து
டார்ச்சைத் தேடினேன்.
முதல் கடிதம் நீர் வாரியத்திலிருந்து வந்தது, வரிக்கு.
எங்கள் பெயர்கள் இரண்டும்
ஒரே வரியில் அச்சாகியிருந்ததால்
கட்டிய பிறகும் தூக்கிப் போடவில்லை.

மார்ச்சில் யெல்லெ
அடுக்களையின் வடக்குச் சுவரில்
அடிப்பலகையைப் பெயர்த்தான்.
தூசி, ஒரு சட்டைப் பொத்தான்,
ஐந்து கோலிக்குண்டுகள்.
ஒன்றில் பச்சைக் கோடு.
ட்ரைன்ட்யெவுக்குப் பிள்ளைகள் இல்லை.
அப்படியானால் மற்ற நான்கும்
எங்களுக்கு முன்னால் வந்து, தரையைப் பார்த்து,
மூன்று நாள் தீர்வதற்குள் தப்பித்தவர்கள்.

உள்ளங்கையில் அவற்றை உருட்டியபடி
"கட்டிலின் வடக்குக் கால்களுக்கு
மரக்கட்டை அறுத்து வைக்கட்டுமா?
ராத்திரி முழுக்க என்மேல் சரிகிறாய்" என்றான்.

வேண்டாம் என்றேன்.
ஏன் என்றான்.

பதினான்காம் எண்காரர்
இன்னும் கையெழுத்துப் போடவில்லையே
என்றேன்.