நானூற்று அறுபது

நீல லைட்டுக்குக் கீழே கண்கட்டிக் கிடக்கிறாள்.
காலில் பட்டி: பேபி ஒஃப் யசோதினி.
பிலிருபின் பதினேழு.

இரவு இரண்டு மணி. மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரி.
லைட்டின் விளிம்பில் ஸ்டிக்கர்: 460 நனோமீற்றர்.
பம்பர்ஸ் பெட்டியைக் கிழித்து எழுதினேன்.
பிளாங்கின் மாறிலி, ஒளியின் கதி,
இரண்டையும் பெருக்கி அலைநீளத்தால் வகு.

நனோவை மீற்றராக்க மறந்து
ஏ.எல்லில் விட்டது ஒன்பது புள்ளி.
இந்தமுறை மறக்கவில்லை.
நான்கு தசம் மூன்று இரண்டு,
பத்தின் வலு மறை பத்தொன்பது, யூல்.
ஒரு போட்டனுக்கு இவ்வளவுதான்.
எறும்பு ஒரு காலைத் தூக்கவும் காணாது.

"என்னகா, இந்த நேரத்தில கணக்கு?"
நேர்ஸ் றிஸ்மியா எட்டிப் பார்த்தா.

பின்னேரம் இவர் கேட்டார்:
கல்லடிப் பாலத்துச் சோடியம் லைட்டும் வெளிச்சம்தானே,
அதில் பிடித்தால் என்ன?
அதையும் போட்டேன். ஐந்நூற்று எண்பத்தொன்பது.
மூன்று தசம் மூன்று எட்டு.
காணாது.
பாலம் முழுக்க விடியவிடிய எரிந்தாலும் காணாது.
போட்டன்கள் கூட்டுச் சேர்ந்து தள்ளுவதில்லை.
ஒவ்வொன்றும் தனியாகத்தான் வரும்,
தன் கையில் உள்ளதோடு.

நீலம்
அவள் தோலுக்குள் இறங்கி
மஞ்சளின் ஒரு முடிச்சைத் திருப்பிவிடுகிறது.
மறுகா அது தானாகக் கரைந்து போகும்.

நாலரைக்குப் பம்பர்ஸ் மாற்றினேன்.
ஈரம். கடும் மஞ்சள்.
மட்டையை எடுத்து
விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.